மறுக்கக் கற்ற விலங்கு

1835 மார்ச் மாதம், 26 வயது சார்லஸ் டார்வின் சிலி நாட்டின் சாண்டியாகோவிலிருந்து ஆண்டீஸ் மலைத்தொடரைக் கடக்கப் புறப்பட்டார். கூடவே பத்துக் கோவேறு கழுதைகள்: ஆறு ஏறிச் செல்ல, நான்கு சுமை தூக்க. அவற்றோடு ஒரு பெட்டைக் குதிரையும் போனது. அதன் கழுத்தில் ஒரு சிறு மணி. அந்தக் குதிரை போகும் இடமெல்லாம் கோவேறு கழுதைகள் பின்னாலேயே போகும் என்பதால், அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மற்றவை எங்காவது ஓடிவிடுமோ என்ற கவலை கிடையாது. இருநூறு முந்நூறு கோவேறு கழுதைகள் ஒரே வெளியில் கலந்து மேய்ந்தாலும், காலையில் ஒவ்வொரு கூட்டத்தின் குதிரையையும் சற்றுத் தள்ளி நிறுத்தி மணியை அசைத்தால், ஒவ்வொன்றும் தன் மணியை அடையாளம் கண்டு பிரிந்து வந்துவிடும். டார்வின் இதையெல்லாம் தன் பயணநூலில் வியந்து பதிவு செய்திருக்கிறார்.

அதே பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார். தாயையும் தந்தையையும் விட இந்தக் கலப்பினத்துக்கு அறிவும் நினைவாற்றலும் பிடிவாதமும் கூட்டத்தின் மீது பாசமும் உடல் உரமும் ஆயுளும் கூடுதல் என்பது அவர் கணிப்பு. அறிவு, நினைவாற்றல் என்று தொடங்கும் பட்டியலில் மூன்றாவதாகப் பிடிவாதம் வருகிறது. டார்வின் அதைக் குறையாக ஒதுக்கி வைக்கவில்லை, நல்ல குணங்களின் வரிசையிலேயே சேர்த்திருக்கிறார்.

இந்த மூன்றும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து. வேகமாகக் கற்று, கற்றதை மறக்காத ஒரு விலங்கு, நாம் தெரியாமல் சொல்லிக் கொடுத்ததையும் அதே வேகத்தில் கற்றுக்கொள்ளும். அதையும் மறக்காது. அப்படிக் கற்றதில் நமக்குப் பிடிக்காத பகுதிக்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இதைச் சோதித்துப் பார்க்கக் குதிரையேற்றத்தின் மிக நுட்பமான பிரிவாகிய டிரஸாஜை விடப் பொருத்தமான களம் இல்லை.

ஒவ்வொரு முறையும் புதிதாக

ஆண் கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டிலிருந்தும் பாதிப் பாதி வாங்கிக்கொள்ளும் குட்டிக்கு 63. இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர வேண்டும். எண்ணிக்கையிலும் அமைப்பிலும் வேறுபட்ட இந்த இரு தொகுதிகளால் அது சரிவர முடிவதில்லை. அதனால் கோவேறு கழுதைகள் மலடு. பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்றதற்கு மரபணுச் சோதனையால் உறுதியான சான்றுகள் உண்டு என்றாலும், அவை மிக மிக அரிது.

இந்த மலட்டுத்தன்மையால் பயிற்சியாளருக்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. சவாரிக்கு இணங்கிய குதிரைகளையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் குதிரையின் சுபாவத்தைச் செதுக்கி வந்திருக்கிறார்கள். கோவேறு கழுதையிடம் இது நடக்கவே முடியாது. சாதுவான கோவேறு கழுதைக்கு வாரிசு இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு இனங்களிலிருந்து புதிதாகப் பிறக்கும் முதல் தலைமுறை. 2003 மே மாதம் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஐடஹோ ஜெம்', குதிரைக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் குளோனிங் முறையில் உருவான விலங்கு. அது ஒரு கோவேறு கழுதை. பந்தயங்களில் வென்ற ஒரு கோவேறு கழுதையின் உடன்பிறப்பாகிய கருவிலிருந்து எடுத்த செல்களிலிருந்து அதை உருவாக்கினார்கள். நல்ல கோவேறு கழுதையின் மரபை மறுபடி பெற அப்படி ஒரு வழிதான் இருந்தது.

குதிரையும் கழுதையும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து சுமார் 40 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் இரண்டும் வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு விதமாகப் பிழைக்கக் கற்றன. குதிரையின் முன்னோர் வாழ்ந்தவை பரந்த புல்வெளிகள். புல் தாராளம், பார்வைக்குத் தடையில்லை, ஆபத்து தொலைவிலேயே தெரியும். அங்கே கூட்டமாக ஓடுவதே உயிர் தப்பும் வழி. ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதை வாழ்ந்ததோ வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட, கல்லும் பாறையுமான மேடுகளில். தீனி குறைவு என்பதால் பெருங்கூட்டமாகச் சேர்ந்து திரிய முடியாது. பாறைச் சரிவில் கண்மூடித்தனமாக ஓடினால் கால் உடையும். எனவே சந்தேகம் வந்தால் கழுதை நிற்கிறது, காதுகளைத் திருப்பிப் பார்க்கிறது, நிலைமையை எடைபோடுகிறது. அதற்குப் பிறகே ஓடுவதா, எதிர்ப்பதா, அங்கேயே இருப்பதா என்று தீர்மானிக்கிறது.

அந்த இடைநிறுத்தம் கோவேறு கழுதைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பயந்த குதிரை ஓடுவதைப் பார்க்கும் எவரும் அதைப் பயம் என்றே புரிந்துகொள்வார்கள். பயந்த கோவேறு கழுதை அசையாமல் நிற்கும்போது அந்தப் பயம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகத்திலும் உடம்பிலும் வலியையும் அச்சத்தையும் வெளிக்காட்டுவதில் கழுதை இனம் குதிரையை விட மிகவும் அடக்கமானது. வெளியே அமைதி தெரிகிறது, உள்ளே இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கலாம். பிடிவாதம் என்ற பட்டத்தில் பாதி இந்தத் தவறான வாசிப்பிலிருந்து வந்தது.

பழைய வழியைப் பிடித்துத் தொங்குவது யார்?

டார்வினின் கணிப்பைச் சோதனைக்கு உட்படுத்த ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஆயின. லீன் புரூப்ஸ், ஃபெயித் பர்டன், பிரிட்டா ஓஸ்தாஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றையும் ஒரே தேர்வில் உட்கார வைத்தது. விலங்கின் முன்னே இரண்டு வெவ்வேறு குறிகள். ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தால் தீனி கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. ஒரு ஜோடிக் குறிகளை விலங்கு நிச்சயமாகக் கற்றுக்கொண்டதும் அடுத்த ஜோடி. குறிப்பிட்ட காலத்துக்குள் அதிக ஜோடிகளைக் கற்றவை கோவேறு கழுதைகள். தாய் இனமும் தந்தை இனமும் பின்தங்கின.

2013-இல் வந்த இரண்டாவது ஆய்வு நம் பேச்சுக்கு இன்னும் நெருக்கமானது. மொத்தம் 36 விலங்குகள். எதிரே ஒரு நீளமான தடுப்பு, அதன் ஒரு முனையில் மட்டும் இடைவெளி, அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி ஓர் இலக்கு. இடைவெளி வழியாகச் சுற்றிப் போய் இலக்கை அடைய வேண்டும். சில முறை போய்ப் பழகியதும், இடைவெளியை எதிர் முனைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வழியே பழக்கமாகிவிட்ட விலங்கு, கண்ணெதிரே அது அடைபட்டிருந்தும் முதலில் அங்கேயே போகும். முந்தைய ஆய்வொன்றில் நாய்கள் அப்படித்தான் செய்திருந்தன. இந்த ஆய்வில் குதிரைகளும் அப்படியே செய்தன. கழுதைகளிடமும் கோவேறு கழுதைகளிடமும் அந்தச் சாய்வு இல்லை. இடைவெளி மாறுவதற்கு முந்தைய சுற்றுகளில் தடுப்பைக் கடப்பதில் மூன்றிலும் வேகமானவை கோவேறு கழுதைகள்.

இவை குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள். ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முடிவின் திசை யோசிக்க வைக்கிறது. பழகிய வழியைக் கைவிட மறுப்பதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம் என்றால், இந்தத் தேர்வில் பிடிவாதம் காட்டியது சொன்னபடி கேட்பதாகப் பெயரெடுத்த குதிரையும் நாயும். ஊரெல்லாம் பழி சுமக்கும் இரண்டு விலங்குகளும் அதில் சிக்கவில்லை.

மறுப்புக்குக் கிடைக்கும் கூலி

அப்படியானால் நட்ட கம்பம் போல நிற்கும் கோவேறு கழுதை அந்த நிலைக்கு எப்படி வந்தது? விடை கற்றல் அறிவியலில் இருக்கிறது. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், பூனைகளைப் புதிர்ப் பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். நல்ல விளைவைத் தந்த செயல் திரும்ப வரும், தராத செயல் மங்கும் என்ற விதி அவற்றிலிருந்து பிறந்தது. சவாரிப் பயிற்சி முழுவதும் இந்த விதியின் ஒரு வடிவத்தில் இயங்குகிறது. சவாரிக்காரர் காலால் விலாவை அழுத்துகிறார், விலங்கு முன்னே நகர்கிறது, அழுத்தம் நீங்குகிறது. விலங்குக்குக் கிடைக்கும் பரிசு அந்த நீக்கமே. அழுத்தம் வெறும் கேள்வி. அழுத்தம் விலகும் கணத்தில் விலங்கு என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே விடையாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு கோவேறு கழுதை தண்ணீர் தேங்கிய குட்டையின் முன் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கயிற்றை இழுக்கிறார். அது ஆழத்தை அளந்து பார்க்க ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஆளுக்குப் பொறுமை போகிறது, இன்னும் பலமாக இழுக்கிறார். அது பின்னால் சாய்கிறது. கை வலிக்கவே, மூச்சு வாங்கக் கயிற்றைத் தளர்த்துகிறார். ஆளைப் பொறுத்தவரை அது ஓய்வு. கோவேறு கழுதைக்கோ பாடம் அந்தக் கணத்தில் முடிந்துவிட்டது: பின்னால் சாய்ந்தால் இழுப்பு நிற்கும். ஒரு சராசரிக் குதிரைக்கு இந்தப் பாடம் பதியப் பல தடவை தேவைப்படலாம். வேகமாகக் கற்கும் விலங்குக்குச் சில தடவைகளே போதும்.

மறுநாள் ஆள் துணைக்கு இன்னொருவரைக் கூட்டி வருகிறார். இருவரும் சேர்ந்து இழுத்துக் கடக்க வைக்கிறார்கள். அதற்கடுத்த நாள் தனியே வந்து தோற்கிறார். வென்றும் தோற்றும் மாறி மாறிப் போகும் இந்த ஆட்டம், எப்போதும் தோற்பதை விட மோசமானது. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் பரிசு எப்போது, எந்த ஒழுங்கில் கிடைக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்து 1957-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பரிசு பெற்ற செயல், பரிசு நின்றதும் விரைவில் மறையும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டுவிட்டுப் பரிசு பெற்ற செயல், பரிசு நின்ற பிறகும் நெடுங்காலம் நீடிக்கும். சில நாள் இழுத்து, சில நாள் விட்டுக்கொடுக்கும் ஆள் தன் கையாலேயே அசைக்க முடியாத மறுப்பைக் கட்டி எழுப்புகிறார்.

இந்த மறுப்பு நாளடைவில் தானாகத் தேய்ந்துவிடும் என்று காத்திருப்பதும் வீண். பல ஆண்டுகளுக்கு முன் கற்ற குறிகளைக் குதிரைகள் இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நினைவு வைத்திருந்ததை ஈவ்லின் ஹாங்கியும் ஜெரி இங்கர்சாலும் 2009-இல் காட்டினார்கள். தாய்வழியில் அந்த நினைவாற்றலுக்கும் உரிய விலங்கு இது.

அடி விழுந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். தண்டனை எதைச் செய்யக்கூடாது என்று மட்டுமே சொல்லும், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. குட்டை பற்றிய சந்தேகத்தோடு இப்போது ஆளைப் பற்றிய அச்சமும் சேர்கிறது. ஒருமுறை காதை முறுக்கிப் பிடித்து ஊசி போட்ட கோவேறு கழுதை, காதருகே வரும் எந்தக் கையையும் நெடுநாள் அண்டவிடாமல் போகலாம். பிறகு கடிவாளம் மாட்டுவதே தினமும் ஒரு போராட்டம்.

கண்ணுக்குத் தெரியாத உரையாடல்

2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 41 ஆண்டுகளுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் வென்றது. அந்தத் தங்கம் டிரஸாஜ் அணிப் பிரிவில் வந்தது. 20 மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் கொண்ட மணல் களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். நடை, துள்ளோட்டம், மிதமான பாய்ச்சல் என்று வகை மாற்றி, வட்டமிட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, வரையறுத்த இடத்தில் வரையறுத்த அசைவைச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவார்கள். சவாரிக்காரர் எதுவுமே செய்யாதது போலத் தோன்ற வேண்டும். அதிலேதான் கலை இருக்கிறது.

இந்தக் கலையின் அடிப்படைக் கருத்து பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கத்து செனஃபோன், கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த அசைவில் அழகு இருக்காது என்று தன் குதிரையேற்ற நூலில் வாதிட்டார். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஃபிரான்சுவா ரோபிஷோன் த லா கேரினியேர், தோளை உள்வாங்கிப் பக்கவாட்டில் நடக்க வைக்கும் பயிற்சியை முறைப்படுத்தி, உடலின் இறுக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தும் வழியை வகுத்தார். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி அந்த மரபை இன்றும் காத்துவருகிறது. 1912 முதல் டிரஸாஜ் ஒலிம்பிக் விளையாட்டு.

இவ்வளவு நுண்ணிய சைகைகளை ஒரு விலங்கால் உணர முடியுமா என்ற கேள்விக்கு, கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் புகழ்பெற்ற 'ஹான்ஸ்' விடை தந்துவிட்டது. கேள்விக்கான எண்ணிக்கையை அது குளம்பால் தட்டிக் காட்டும். 1907-இல் உளவியலாளர் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் அதன் ரகசியத்தை வெளியிட்டார். சரியான எண் வரும்போது கேள்வி கேட்டவரின் தலை அவரையறியாமல் மிகச் சிறிதாக அசையும். ஹான்ஸ் அதைக் கண்டு தட்டுவதை நிறுத்திவிடும். கேட்டவருக்கே தெரியாத அசைவை விலங்கு படித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஏறியிருப்பவரின் இடுப்பு இறுகுவதும் மூச்சு நிற்பதும் இப்படித்தான் படிக்கப்படுகின்றன.

டிரஸாஜுக்கும் கோவேறு கழுதைக்கும் உள்ள பொருத்தம் இங்கேதான் தெரிகிறது. இந்தக் கலை கேட்பது நுண்ணிய சைகை, துல்லியமான நேரம், மாறாத பொருள். இந்த விலங்கு கற்பதற்கு வேண்டியதும் அதே மூன்றுதான். சவாரிக்காரரின் சிறு குழப்பங்களைப் பல குதிரைகள் பொறுத்துக்கொண்டு ஓடிவிடும். கோவேறு கழுதை அவற்றையும் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

முதலில் உடல்

நின்றுவிட்ட கோவேறு கழுதையிடம் பயிற்சியைத் தொடங்கும் முன் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வலியை மறைக்கும் விலங்கிடம், மறுப்பே சில நேரம் வலியின் முதல் அறிகுறி. கூராகத் தேய்ந்த பற்கள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருக்கலாம். குளம்பில் புண் இருக்கலாம். முதுகுத் தசை வீங்கியிருக்கலாம்.

அடுத்தது சேணம். கழுதையிடமிருந்து வந்த முதுகு நேரானது, தோள்மேடு தாழ்ந்தது, உடல் உருளை போன்றது. குதிரைக்காகச் செய்த சேணத்தை அதன்மேல் போடுவது, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மலையேறச் சொல்வது போல. இறக்கத்தில் சேணம் முன்னே வழுக்கித் தோளில் இடிக்கும், அடியெடுக்கும் தோளின் அசைவைத் தடுக்கும். இதைத் தவிர்க்கவே கோவேறு கழுதைக்கு வாலடியைச் சுற்றிச் செல்லும் ஒரு வாரையோ, பின்தொடையைச் சுற்றும் வாரையோ சேணத்தோடு பூட்டுகிறார்கள். கடிவாளத்தின் நெற்றிப் பட்டையும் அகலமாக வேண்டும். தலைவார் பக்கவாட்டில் அவிழ்த்து மாட்டும்படி இருந்தால், அந்த நீண்ட காதுகளை மடக்கி நுழைக்க வேண்டியதில்லை.

டிரஸாஜின் உயர் நிலைகள் உடலிடம் பெரிய மாற்றத்தைக் கேட்கின்றன. இயல்பாக நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் விழுகிறது. பின்னங்கால் மூட்டுகளை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, சுமையில் ஒரு பகுதியைப் பின்னே மாற்றக் கற்றால்தான் முன்பக்கம் இலேசாகும், அசைவு மிதக்கும். கோவேறு கழுதைக்கு இது கூடுதல் உழைப்பு. தலை கனம், நடை குதிரையின் அளவுக்குத் துள்ளாது. தசை வளரக் காலம் வேண்டும். வலுப்பெறாத உடலிடம் கடினமான அசைவைக் கேட்டால் வரும் மறுப்புக்கு, அந்த விலங்கின் பக்கம் முழு நியாயம் இருக்கிறது.

படிப்படியாக

பயிற்சி தரையில் தொடங்குகிறது. கயிற்றில் இலேசான அழுத்தம், ஓர் அடி முன்னே வந்ததும் அந்தக் கணமே தளர்வு. முழு அடிகூட வேண்டாம். உடல் எடை முன்பக்கம் சாய்ந்தாலே தளர்த்தலாம். விரும்பும் செயலின் மிகச் சிறிய தொடக்கத்துக்கும் கூலி கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போவதை உளவியலில் வடிவமைத்தல் என்கிறார்கள். மறுத்துப் பழகிய கோவேறு கழுதைக்கு இதுவே மருந்து. அது மறுக்காத அளவுக்குச் சிறியதாகக் கேட்க வேண்டும். மறுக்கும் சந்தர்ப்பமே வராவிட்டால் மறுப்புக்குக் கூலியும் கிடையாது.

அது நின்றால், முதலில் பார்க்க விடுங்கள். காதுகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று கவனியுங்கள். அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அதே இலேசான அளவில் வைத்திருந்து, சிறு அசைவு வந்ததும் தளர்த்துங்கள். இழுவைப் போட்டியில் மனிதன் எடையால் தோற்பான், பொறுமையால் தோற்க வேண்டியதில்லை. அச்சம் தந்த இடத்துக்கு அடுத்த நாள் வேறு கோணத்தில், பழகிய துணை விலங்கோடு போகலாம். டார்வின் கண்ட அந்த மணிக் குதிரையின் பயன் இன்றும் குறையவில்லை. களத்தின் ஓரம் ஒரு சாதுவான பெட்டைக் குதிரை நின்றாலே பல கோவேறு கழுதைகளின் பதற்றம் தணியும்.

தளர்வோடு தீனியும் சேரலாம். அமெரிக்காவின் கொலராடோவில் பல பத்தாண்டுகளாகக் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் பழக்கி, அதைப் பற்றி நூல்கள் எழுதியிருக்கும் மெரிடித் ஹாட்ஜஸ், சரியான விடைக்கு ஒரு பிடி ஓட்ஸ் தானியம் என்ற முறையைக் கடைப்பிடிப்பவர். தரைப் பயிற்சிக்கு நெடுங்காலம் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்துபவர். அவர் பழக்கிய 'சன்டவுனர்' டிரஸாஜில் நான்காம் நிலை வரை எட்டியது. எந்தக் குதிரைக்கும் அது பெருமை தரும் உயரம்.

தரைப் பாடம் உறுதியானதும் இரண்டு நீள வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி திருப்பவும் நிறுத்தவும் கற்பிக்கலாம். முதுகில் ஆள் ஏறும் முன்பே கடிவாளத்தின் மொழி புரிந்துவிடும். பிறகு சேணம், பிறகு ஆள், பிறகு நடையில் 20 மீட்டர் வட்டங்கள். நடையிலிருந்து நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து துள்ளோட்டம் என்று வகை மாற்றங்களே முதல் ஆண்டின் பெரும்பகுதி. பாய்ச்சலை அவசரப்படுத்த வேண்டாம். சமநிலை வந்த உடல் அதைத் தானே வழங்கும்.

தினமும் மணிக்கணக்கில் உழைத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். 1980-இல் மட்டக் குதிரைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. வாரத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவை, வாரம் ஏழு நாளும் பெற்றவற்றை விடக் குறைந்த அமர்வுகளிலேயே பாடத்தைக் கற்றன. நாட்கணக்கில் கூடுதலாகத் தெரிந்தாலும், உழைப்புக் கணக்கில் அது சிக்கனம். அமர்வு குறுகியதாக இருக்கட்டும். நன்றாகச் செய்த ஒன்றோடு முடியட்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தான் முன்பு தந்த விடை தவறோ என்று வேறொன்றை முயலத் தொடங்கும் விலங்கு இது.

களத்தின் கதவு திறந்தது

டிரஸாஜ் நெடுங்காலம் குதிரைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அமெரிக்காவின் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2004-இல் தன் டிரஸாஜ் போட்டிகளில் கோவேறு கழுதைகளை அனுமதித்தது. 2014-இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் நடந்த தேசிய இறுதிப் போட்டிக்கு 'ஹார்ட் பி டைனா' என்ற கோவேறு கழுதை தகுதி பெற்று, குதிரைகளோடு களமிறங்கியது. பிரிட்டனில் 2018-இல் விதி மாறியது. 'வாலஸ் தி கிரேட்' என்ற, மீட்கப்பட்டு வளர்ப்புக்குக் கொடுக்கப்பட்ட கோவேறு கழுதைக்காக அதன் சவாரிக்காரர் குரல் கொடுத்ததன் பலன் அது. அனுமதி கிடைத்ததும் வாலஸ் கலந்துகொண்ட முதல் தொடக்கநிலைப் போட்டியிலேயே வென்றது.

டிரஸாஜ் மதிப்பெண் தாளில் பணிவுக்கு என்றே ஒரு மதிப்பெண் இருந்து வந்திருக்கிறது. கவனம், நம்பிக்கை, விருப்பத்தோடு செய்தல், கடிவாளத்தின் மீது இலேசான தொடர்பு ஆகியவற்றை அதில் பார்ப்பார்கள். பிடிவாதத்துக்குப் பேர் போன இனம் அந்தத் தாளோடு களமிறங்கி, குதிரைகளுக்கு நிகராக மதிப்பெண் வாங்கியிருக்கிறது. இனத்தின் இரத்தத்திலேயே ஊறிய குறை என்று சொல்லப்பட்டது, சொல்லிக் கொடுக்கும் முறை மாறியதும் மறைந்திருக்கிறது. அப்படியானால் குறை முறையில்தான் இருந்திருக்க வேண்டும்.

டிரஸாஜ் களத்துக்கு வந்து சேரும் கோவேறு கழுதைகள் மிகச் சில. உலகின் பெரும்பாலான கோவேறு கழுதைகள் சுமை தூக்குகின்றன. வட இந்தியச் செங்கல் சூளைகளிலும், கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு ஏறும் செங்குத்தான பாதையிலும் நின்றுவிட்டவற்றின் முதுகில் இப்போதும் கம்பு விழுகிறது. அந்தப் பாதையில் அவற்றின் மீது ஏறிப் போகும் தமிழ்நாட்டு யாத்ரீகர்களும் ஏராளம். களத்தில் உண்மையான அறிவியல் மலைப்பாதையிலும் உண்மை. நின்ற விலங்கு வலியையோ அச்சத்தையோ களைப்பையோ, முன்பு நாமே கற்பித்த ஒன்றையோ சொல்கிறது. ஏறும் முன் சேணத்தின் அடியில் புண் இருக்கிறதா, நொண்டுகிறதா என்று பார்ப்பதற்குப் பயிற்சியாளராக இருக்க வேண்டியதில்லை. புண் இருந்தால் ஏற மறுக்கலாம். வழியில் அடித்தால் நிறுத்தச் சொல்லி இறங்கலாம். பயணியின் பணத்தில் ஓடும் தொழிலில் பயணியின் மறுப்புக்கு எடை உண்டு. வலிக்கும்போது மறுப்பது அறிவின் அடையாளம் என்று ஏற்றுக்கொள்ளும் சமூகமே, கோவேறு கழுதையிடமிருந்து விருப்பத்தோடு கூடிய ஓர் அடியை எதிர்பார்க்கும் உரிமையைப் பெறுகிறது.